லைட் எரியுது, டைமர் ஓடுது, ஆனா ஓவன் சூடாகல

பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவந்து, முந்திரிப்பொடியைக் கலக்கப் போகிற நேரத்தில்தான் ஓவன் பக்கம் திரும்பினேன். போட்டுவிட்டுப் பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. சிவப்பு லைட் எரிகிறது, டைமர் டிக் டிக் என்று ஓடுகிறது. கதவைத் திறந்து கையை நீட்டினால், துணி அலமாரிக்குள் கை விட்ட மாதிரி இருக்கிறது. சூடாக்குகிற நாலு ராடும் சாம்பல் நிறத்திலேயே கிடக்கின்றன.

தூத்துக்குடி மக்ரூனில் மைதா கிடையாது, சோடா மாவு கிடையாது. வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். அடித்ததில் இருக்கிற காற்றுதான் அதற்கு உயிர். அது நமக்காகக் காத்திருக்காது, கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள்தான் இருக்கிறது, நாலு வீட்டு ஆர்டர் கையில் இருக்கிறது. அன்றைக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்கா வீட்டுக்கு ஓடி, அவள் ஓவனில் போட்டுத் தப்பித்தேன். ஆனால் மறுநாளைக்கு என்ன செய்வது?

மறுநாள் காலையில் சர்வீஸ் ஆள் ஒருவர் வந்தார். பிளக்கைப் போட்டார், நாபைத் திருகினார், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ராடு நாலும் போயிருச்சு மேடம், மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிறலாம்" என்றார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. நாலு ராடும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் எப்படிப் போகும்? அந்தக் கேள்விதான் என்னை இதில் இறக்கியது. ஆறு வருஷமாக என் கூடவே உழைத்த ஓவன், அப்படி ஒரு வார்த்தையில் தூக்கிப் போட மனசு வரவில்லை. என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும். என்னுடையது சாதாரண ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த சின்ன மின்சார ஓவன், 1500 வாட்ஸ், மேலே இரண்டு ராடு, கீழே இரண்டு ராடு.

முதலில் ஓடிஜி வைத்திருக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. டைமர் சத்தம் கேட்டால் கரண்ட் வருகிறது என்று நினைக்காதீர்கள். என் ஓவனிலும், இந்த மாதிரி நாப் திருகுகிற பல ஓவன்களிலும், டைமர் என்பது உள்ளே ஸ்பிரிங் வைத்த கடிகாரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகிப் பாருங்கள், அப்போதும் டிக் டிக் என்று ஓடும். ஆனால் அந்த டைமரைத் திருகாமல் வெறும் டெம்பரேச்சர் நாபை மட்டும் வைத்தால் ஓவன் வேலையே செய்யாது, ஏனென்றால் கரண்ட் முதலில் டைமரில் இருக்கிற கான்டாக்ட் வழியாகத்தான் போகிறது. புதிதாக வாங்கியவர்கள் "சூடாகலை" என்று சொல்வதில் பாதி இதுதான். ஐந்து நிமிஷம் வேண்டுமென்றாலும் பதினைந்து வரைக்கும் திருகிவிட்டுப் பின்னால் கொண்டுவாருங்கள், அப்போதுதான் ஸ்பிரிங் நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம் சுவர். டெஸ்டரை வைத்துப் பார்த்து "கரண்ட் இருக்கே" என்று முடிவு செய்வது போதாது. டெஸ்டர் எரிய மிகச் சொற்பமான கரண்ட் போதும், பிளக் பாயின்டுக்குள் ஒயர் லூசாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது எரியும். நியூட்ரல் அறுந்திருந்தால் அதைச் சொல்லவே சொல்லாது. நான் அயர்ன் பாக்ஸை எடுத்து வந்து அதே பாயின்டில் போட்டேன். 1000 வாட்ஸ் இழுக்கிற சாமான் அது, ஐந்து நிமிஷம் போட்டு நன்றாகச் சுட்டால் அந்தப் பாயின்ட் பாரம் தாங்குகிறது என்று நம்பலாம். சுட்டது. பிளக்கைக் கழற்றி அதன் பின்னையும் தொட்டுப் பார்த்தேன், அது சுடவில்லை. பின் சுட்டால், அல்லது பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால், கோளாறு சுவரிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம். 1500 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர் வருகிறது. சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டது. அதனால்தான் இந்த ஓவன்களுக்குப் பெரிய மூன்று பின் பிளக் வைக்கிறார்கள், நாம் 15 ஆம்ப்ஸ் பிளக் என்று சொல்வோமே, அது. அதை ஒரு கன்வர்ட்டர் போட்டுச் சின்ன பாயின்டில் மாட்டி, அதற்கும் மேலே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி கேக் போடுகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். முக்கால் மணி நேரம் தொடர்ந்து ஓடுகிற சாமான் அது.

வோல்டேஜையும் பார்த்துவிட வேண்டும். ஓவன் சூடாகிறது ஆனால் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் அதுவும் காரணமாக இருக்கலாம். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், சூடு அதே விகிதத்தில் குறையாது, அதைவிட அதிகமாகக் குறையும். கணக்குப் போட்டால் 61 சதவீதம்தான் வருகிறது. 1500 வாட்ஸ் ஓவன் 920 வாட்ஸ் ஓவனாகிவிடும். எங்கள் வீட்டில் அன்றைக்கு 226 இருந்தது, அதனால் இதை விட்டுவிட்டேன்.

இப்போது மல்டிமீட்டர், மின்தடையை ஓம் கணக்கில் காட்டுகிற மீட்டர். எங்கள் தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி சொல்லிக்கொடுத்ததுதான் இது, ஓவனைத் திறக்காமலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். போனில்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, நாலு ராடும் போச்சுன்னு சொல்றாங்க."

"மீட்டர் இருக்கா தாயி? பிளக்க உருவிட்டு, அந்தப் பின்னுலயே வச்சுப் பாரு. ஒண்ணுமே காட்டலன்னா ராடு இல்ல, வழியிலதான் எங்கேயோ அறுந்திருக்கும்."

பிளக்கை முழுதாகச் சுவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். சுவிட்சை ஆஃப் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சில வீடுகளில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஓவனுக்குள் கரண்ட் நிற்கும். பிளக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மீட்டரை 200 ஓமில் வைத்து, டைமரைத் திருகி, டெம்பரேச்சரை உச்சத்தில் வைத்து, எர்த் பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்களில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைக்க வேண்டும். என் ஓவனில் மேல் ராடு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசை, கீழ் ராடு இரண்டும் அதே மாதிரி ஒரு வரிசை. ஒரு ஜோடிக்கு 750 வாட்ஸ். அப்படியென்றால் மேல் ராடு மட்டும் வைத்தால் 70 ஓம் பக்கம் காட்ட வேண்டும், கீழ் ராடு மட்டும் வைத்தாலும் அதே 70, இரண்டும் சேர்த்து வைத்தால் 35. கணக்கு எளிதுதான், 230ஐ 230ஆல் பெருக்கி வாட்ஸால் வகுங்கள், உங்கள் ஓவனுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று வந்துவிடும். இரண்டு மூன்று ஓம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

இந்த ஜோடி விஷயம் முக்கியம். இப்படி வரிசையாக இணைத்த ஓவனில் மேலே ஒரு ராடு அறுந்தால் பக்கத்து ராடும் சேர்ந்தே அணைந்துவிடும், பழைய சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைகிற மாதிரி. பார்க்கிறவர்கள் இரண்டு ராடு போய்விட்டது என்று இரண்டுக்கும் காசு வாங்குவார்கள். ஒன்றுதான் போயிருக்கும். ராடு ஒவ்வொன்றையும் தனியாக மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

எனக்கு மேல் ராடிலும் ஒன்றும் காட்டவில்லை, கீழ் ராடிலும் காட்டவில்லை, சேர்த்து வைத்தும் காட்டவில்லை. மீட்டரில் வெறும் 1. அதாவது எங்கேயோ அறுந்திருக்கிறது. இரண்டு ஜோடியும் தனித்தனிப் பாதை, இரண்டும் ஒரே நொடியில் அறுந்து போவது நடக்கிற காரியமில்லை. ஆகவே இரண்டுக்கும் பொதுவான பாதையில்தான் கோளாறு. பொதுவான பாதை என்றால் பிளக் ஒயர், டைமர், சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ், மேல் ராடா கீழ் ராடா என்று மாற்றுகிற செலக்டர் சுவிட்ச் வரைக்கும். சிவப்பு லைட் எரிகிறதே, அது என் ஓவனில் டைமரைத் தாண்டித்தான் இணைத்திருக்கிறது. அப்போது ஒயரும் டைமரும் தப்பித்தன. மிச்சம் இருப்பது மூன்றே இடம். ஒரு ஸ்க்ரூ கழற்றாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று எனக்கே அவ்வளவு சந்தோஷம்.

ஓவன் நன்றாக ஆறிய பிறகு கவிழ்த்து, நாப் இருக்கிற பக்கத்து மூடியைக் கழற்றினேன். எதையும் தொடுவதற்கு முன்னால் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன், எந்த ஒயர் எங்கே என்பது பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். உள்ளே நிறைய இருக்காது. பின்னால் வெள்ளை நூல் உறைக்குள் ஒரு விரல் கணு அளவுக்குத் தெர்மல் ஃபியூஸ். ஓவன் அளவுக்கு மீறிச் சுட்டால் ஒரே ஒரு முறை அறுந்து மொத்தத்தையும் நிறுத்துவது அதன் வேலை. அறுந்தால் திரும்ப ஒட்டாது. மீட்டரில் பீப் கொடுத்தது, அது நன்றாக இருக்கிறது. இதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இது போயிருந்தால் சில பேர் இதை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி விடுகிறார்கள். ஓவன் சூடாகும், வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். ஆனால் அடுத்த முறை தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நின்றால் நிறுத்துவதற்கு அந்த வீட்டில் எதுவுமே இல்லை. அதே டிகிரி, அதே ஆம்பியர் போட்ட ஃபியூஸ்தான் போட வேண்டும், அது ஏன் போனது என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து தெர்மோஸ்டாட். இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு பட்டை, சூட்டில் ஒன்று அதிகமாக விரிய, பட்டை வளைந்து கான்டாக்டை விலக்கிவிடும், ஆறினால் திரும்பச் சேரும். நாபை மெதுவாகத் திருகினால் ஒரு இடத்தில் மெலிதாக 'டக்' என்று கேட்கும். கேட்டது. அதன் இரண்டு முனைகளிலும் மீட்டர் வைத்தேன், பீப். அதுவும் நன்றாக இருக்கிறது.

அப்போது என்னதான் போயிருக்கிறது?

தெர்மோஸ்டாட்டிலிருந்து செலக்டருக்குப் போகிற ஒயர். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. முனையில் லக் என்று சொல்கிற பித்தளைத் தகடு, அதைத் தெர்மோஸ்டாட்டில் சொருகியிருக்கிறார்கள், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறையைப் பின்னுக்குத் தள்ளினால், மற்ற லக்கெல்லாம் மஞ்சளாக இருக்க, இது ஊதாவும் கறுப்புமாக, ஓரத்தில் பச்சைப் பொடி படிந்து இருக்கிறது. உறையின் உட்பக்கம் உருகி பொறுக்குத் தட்டியிருக்கிறது. லேசாக ஒயரைப் பிடித்து ஆட்டினேன். இழுக்கவில்லை, ஆட்டினேன், அவ்வளவுதான். ஒயர் தனியாகக் கையோடு வந்துவிட்டது. செம்பு இழைகள் கறுத்து, விரலில் தேய்த்தால் கரித்தூள் மாதிரி உதிர்கின்றன.

ராடு நாலும் நன்றாக இருந்தன. ஒவ்வொன்றும் 35 ஓம்.

இது எப்படி நடக்கிறது என்று அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து கேட்டேன். "உப்புக் காத்து தாயி. நம்மூருல ராடு போறதவிட லக்கு போறதுதான் ஜாஸ்தி" என்றார். கடலும் உப்பளமும் இருக்கிற ஊர், ஈரக் காற்றில் உப்பு கலந்து பித்தளையையும் செம்பையும் அரிக்கிறது. அரித்த இடத்தில் பிடிப்பு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை வந்தால் போதும், 6.5 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது அங்கே 21 வாட்ஸ் சூடு பிறக்கிறது. ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் வைத்திருக்கிற சோல்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். ஒரு மிளகு அளவு இடத்தில் ஒரு சோல்டரிங் அயர்னை மணிக்கணக்கில் வைத்த மாதிரி. சூட்டில் இன்னும் கறுக்கும், கறுத்தால் தடை இன்னும் ஏறும், ஒரு நாள் முழுசாக விட்டுவிடும்.

திரும்பிப் பார்த்தால் ஓவன் இரண்டு வாரமாகவே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு நாள் சூடாகும், ஒரு நாள் தாமதமாகும், பக்கத்தில் லேசாகத் தட்டினால் ராடு சிவக்கும். சட்டை பட்டன் கருகின மாதிரி ஒரு வாசனை, கேக் வாசனையோடு கலந்து வந்தது, நான் ஏதோ தட்டில் சிந்தியது கருகுகிறது என்று நினைத்தேன். தட்டினால் வேலை செய்கிற ஓவனை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், அது லூஸ் கனெக்ஷன்தான்.

சரி செய்தது இப்படி. ஒயரைப் பளபள என்று செம்பு தெரிகிற இடம் வரைக்கும் வெட்டினேன். இரண்டு அங்குலம் உள்ளே வரை கறுத்திருந்ததால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டி வந்தது. வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது, ஓவனுக்குள் அதைப் போடவே கூடாது. கண்ணாடி நூல் உறை போட்ட ஹீட்டர் ஒயர் என்று கேட்டால் கொடுப்பார்கள். புதிய லக், அதே அகலம். அண்ணாச்சியே கிரிம்பிங் பிளையரால் அமுக்கிக் கொடுத்தார், நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் உறுதியாக இருக்காதா என்று கேட்டேன். ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், ஓவனுக்குப் பக்கத்தில் அது ஆகாது, அமுக்கித்தான் பிடிக்க வேண்டும் என்றார். இன்சுலேஷன் டேப்பும் அப்படித்தான், சூட்டில் கோந்து இளகி ஒழுகிவிடும். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மூடியைப் போடுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு சோதனை, இதை விட்டுவிடாதீர்கள். எர்த் பின்னுக்கும் ஓவனின் தகர உடம்புக்கும் மீட்டர் வைத்தால் பீப் வர வேண்டும். மற்ற இரண்டு பின்னுக்கும் உடம்புக்கும் வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது. இதில் ஏதாவது மாறினால் பிளக்கைச் சொருகவே கூடாது.

மழைக்காலத்தில் வேறொரு கோளாறு வரும், ஓவனைப் போட்டவுடன் வீட்டு டிரிப்பர் விழுந்துவிடும். ராடின் உள்ளே சுருள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது, அதற்காகத்தான். ஆனால் அது ஈரத்தை இழுக்கிற பொடி. மாதக்கணக்கில் போடாமல் வைத்திருந்த ஓவனில் ராடின் முனை வழியாக ஈரம் ஏறினால் கரண்ட் உடம்புக்குக் கசியும், 30 மில்லி ஆம்பியரிலேயே ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டால் கரண்டை நிறுத்துகிற அந்த டிரிப்பர், விழுந்துவிடும். அது விழுவது நம்மைக் காப்பாற்றத்தான். அதை பைபாஸ் செய்து, எர்த்தைக் கழற்றி ஓவனை ஓட்டச் சொல்கிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். கசிவைச் சோதிக்கிற மெக்கர் என்ற மீட்டரை வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சென்னையில் இருக்கிற மதினி வீட்டில் சுவரோடு பதித்த பெரிய ஓவன். அது ஒரு நாள் சூடாகவில்லை என்று போன் செய்தாள். கரண்ட் கட்டாகித் திரும்ப வந்திருக்கிறது, கடிகாரம் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரி ஓவன் பலவற்றில் மணியைச் சரியாக வைக்கிற வரைக்கும் ராடுக்குக் கரண்ட் போகாது. மணி வைத்தாள், சூடானது. ஷோரூமில் காட்டுவதற்காக லைட் மட்டும் எரிகிற டெமோ மோடும் சிலவற்றில் உண்டு, புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவ் ஓவனை மட்டும் நான் சொன்னதை வைத்துத் திறந்துவிடாதீர்கள். அதற்குள் இருக்கிற கெப்பாசிட்டர் பிளக்கை எடுத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஓடிஜி வேறு, அது வேறு.

மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகி, டைமரைத் திருகினேன். ஒரு நிமிஷத்தில் தூசி கருகுகிற வாசனை, அப்புறம் மேல் ராடின் நடுவில் இருந்து மெல்லச் சிவப்பு பரவி இரண்டு முனைக்கும் ஓடியது. அடுப்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெம்பரேச்சர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஓவன் தெர்மாமீட்டர் இல்லை. சர்க்கரையை வைத்துப் பார்த்தேன். சர்க்கரை 186 டிகிரி பக்கத்தில் உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி 175இல் கால் மணி நேரம் வைத்தால் மணி மணியாக அப்படியே இருக்க வேண்டும், 190இல் அதே கால் மணி நேரத்தில் உருக வேண்டும். 175இல் அப்படியே இருந்தது. 190இல் ஓரங்கள் மட்டும் உருகி நடுவில் மணி மணியாக நின்றது. ஆக என் ஓவன் நாபில் வைத்ததைவிட ஒரு ஐந்து டிகிரி குறைவாகச் சுடுகிறது என்று எடுத்துக்கொண்டேன், கேக்குக்கு நாபைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி ஐந்து நிமிஷம் வைத்தும் பார்த்தேன், வலது பின் மூலையில் மட்டும் அதிகம் சிவந்தது. அந்த மூலையில் இனி மக்ரூன் வைப்பதில்லை, மக்ரூன் வெள்ளையாகவே காய வேண்டும்.

அன்று சாயங்காலமே மறுபடியும் பன்னிரண்டு முட்டை உடைத்தேன். குறைந்த சூட்டில் மூன்று மணி நேரம், அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் ராத்திரி முழுக்க உள்ளேயே. காலையில் அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது அக்கா வீட்டுல போட்டதவிட நல்லா காஞ்சிருக்கே" என்றாள். ஆர்டர் நாலும் 24ஆம் தேதி மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

செலக்டர் பக்கத்து லக் ஒன்றும் லேசாகப் பழுப்பாகியிருந்ததைப் போட்டோவில் பிறகுதான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றப் போகிறேன், லக் வாங்கி வைத்தாகிவிட்டது.